செத்த காலேஜுக்குப் போகிற வழி

என் செல்போனில் அண்ணனின் நம்பர் இன்னும் 'அண்ணன்' என்றுதான் இருக்கிறது. அவன் போன பிறகும் அதிலிருந்து அழைப்பு வருகிறது. பேசுவது அவன் மகள். நாக்பூரில் இருக்கிறாள். அப்பாவின் போனை அணைத்துப்போட மனசு வராமல் தானே வைத்துக்கொண்டிருக்கிறாள். பெயரை மாற்ற எனக்குத் தெரியாமல் இல்லை. மாற்றவில்லை, அவ்வளவுதான்.

போன் அடித்து, அந்தப் பெயர் வெளிச்சத்தில் வரும்போதே ஒரு நொடி அவன்தான் என்று நினைத்துவிடுவேன். எடுத்தால் இன்னும் மோசம்.

"இன்னா அத்தே, எங்க கீற?" என்பாள்.

அவனும் அப்படித்தான் ஆரம்பிப்பான். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்றெல்லாம் கேட்கமாட்டான். முதல் வார்த்தையே எங்க கீற. நான் எங்கே போய்விடப் போகிறேன்? அம்பத்தூர் மேனாம்பேட்டில் பிறந்து, மேனாம்பேட்டிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். ஆனாலும் கேட்பான்.

அண்ணன் மீசை முளைத்த வயதில் ஃபிட்டர் வேலைக்கு வடக்கே போனவன். அங்கேயே ஒரு மராட்டிக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது. மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது இவன் ஒருத்தன்தான். இவனுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் தெருத் தமிழ். நாங்களெல்லாம் மாறிவிட்டோம். அம்பத்தூர் பூராவும் அடுக்குமாடி வந்தது, சேலத்துக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் குடிவந்தார்கள். அவர்கள் வீட்டுச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக் கொடுத்து என் வாயும் வாங்க போங்க என்று பழகிவிட்டது. அவன் பேச்சு மட்டும் கிளம்பிப் போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே நாக்பூரில் உட்கார்ந்திருந்தது. அதை அப்படியே மகள் வாயில் ஊற்றிவிட்டான்.

பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இங்கிலீஷ் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தமிழ் என்று வாயைத் திறந்தால், அம்பத்தூர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு பீடி பற்றவைக்கிற ஆள் மாதிரி இருக்கும். அவன் உயிரோடிருந்த வரையில் அது எங்களுக்கு ஒரு சிரிப்பு. "உன் பொண்ணு பேசினா எனக்கு பயமா இருக்குடா, எங்க கத்திய எடுத்துடுவாளோன்னு" என்பேன். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இப்போது சிரிப்பு வருவதில்லை. அவன் பேசி முடிக்காமல் விட்ட பேச்சை இவள் தொடர்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.

போன ஐப்பசியில் அவன் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். எனக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன சமயம், கட்டிலை விட்டு இறங்க முடியாது. போக முடியவில்லை. ஒருநாள் காலையில் 'அண்ணன்' என்று போன் வந்தது. எடுத்தேன். அவள்தான் அழுதாள். கொஞ்சம் அடங்கிய பிறகு சொன்னாள்.

"நைனாவ காலேஜுக்கு குடுத்துட்டேன் அத்தே."

எனக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் உடம்பைப் பார்த்துப் படிக்கிற காலேஜ் என்றாள்.

"அவரே கேட்டாரு அத்தே. கடைசியா ஒரே பேச்சு. வேற எதுவுமே பேசல. 'செத்தா காலேஜுக்கு இட்டுகினு போ, செத்தா காலேஜுக்கு இட்டுகினு போ'ன்னு என் கைய புடிச்சுகினு கெஞ்சினாரு. மூஞ்சில மாஸ்க்கு. அதுக்குள்ளேர்ந்து இத்த மட்டும் சொன்னாரு. அப்புறம் நான் எப்படி அத்தே எரிக்கிறது?"

அழுதேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது உண்மை. நான் ஏழாவதோடு நின்றவள். அவன் எட்டாவது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவர் கிடையாது. அவன் செத்த பிறகாவது போகவேண்டும் என்று நினைத்திருக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை. கொள்ளி இல்லை, சாம்பல் இல்லை, கருமாதிக்கு என்னத்தை வைத்துப் படைப்பது, வடக்கத்திப் பொண்ணு அப்பனைக் கூறுபோடக் கொடுத்துவிட்டாள் என்றெல்லாம் பேசினார்கள். ஒவ்வொரு வாயையும் நான்தான் அடைத்தேன். "அவனே ஆசைப்பட்டு கேட்டது. அந்தப் பொண்ணு கேட்டதை செஞ்சா. என்னா தப்பு?" என்று முட்டி வலியோடு வீடுவீடாகச் சொன்னேன். ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிற அம்மாக்களிடமும் சொன்னேன். அதில் ஒருவர், உங்க அண்ணன் பெரிய மனுஷன் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கோடை முடிகிற சமயத்தில் மறுபடி போன்.

"அத்தே, எங்க கீற? ஆபீஸ் வேலையா கோயம்புத்தூர் போறேன். காலைல மெட்ராஸ்ல எறங்குறேன், ராத்திரிதான் அடுத்த ப்ளேனு. நடுவுல ஒரு பகல் சும்மாதான் கீறேன். நைனா சொல்லுவாரே, மியூசியம், பெரிய திமிங்கல எலும்பு தொங்கும்னு, அங்க இட்டுகினு போறியா? ஊட்டுக்கு திரும்பி வர்றப்ப வரேன்."

வா தாயி என்றேன். வைத்த பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"மியூசியமா? இன்னா, செத்த காலேஜா?"

என் கையில் ஊசி இருந்தது. சேலை ஓரத்தில் குத்தியது குத்தியபடி நின்றது.

வயசானவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். மியூசியம் என்ற வார்த்தையே எங்கள் பக்கத்தில் அப்போது யாருக்கும் வாயில் வராது. சென்ட்ரல் பக்கத்தில் அந்தக் காலத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். அங்கே புலியும் குரங்கும் உயிரோடு இருக்கும். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். அங்கே எல்லாம் எலும்பு, பாடம் பண்ணிய பறவை, புட்டியில் மிதக்கிற குட்டிகள். ஏன் காலேஜ் என்றார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய சிவப்புக் கட்டடம் எதைப் பார்த்தாலும் காலேஜ் என்று நினைத்தார்களோ என்னவோ. காணும் பொங்கலன்று அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, உயிர் காலேஜைப் பார்த்துவிட்டு செத்த காலேஜுக்கு நடப்போம். பொங்கல் முடியும் முன்பே அண்ணன் அப்பாவிடம் ஆரம்பித்துவிடுவான். "செத்த காலேஜுக்கு இட்டுகினு போ, செத்த காலேஜுக்கு இட்டுகினு போ." அப்பா சரி என்கிற வரைக்கும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பான்.

செத்த காலேஜுக்கு இட்டுகினு போ.

செத்தா காலேஜுக்கு இட்டுகினு போ.

எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். எங்கள் பேச்சில் அந்தக் காலையும் பாதி வெட்டித்தான் சொல்வோம். மாஸ்க்குக்குள்ளிருந்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னால் யாருக்கு என்ன தெரியும்? அவளுக்கு செத்தா என்றால் தெரியும், காலேஜ் என்றால் தெரியும். இரண்டும் சேர்ந்தால் இன்னொன்று என்று தெரிய வழியில்லை. அவளிடம் அவன் எப்போதும் மியூசியம் என்றுதான் சொல்லியிருக்கிறான். கடைசியில் மூளை கலங்கினபோது அந்த வார்த்தை நழுவி, சின்ன வயசு வார்த்தை வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் உடம்பைக் கொடுக்கச் சொல்லவில்லை. திமிங்கலத்தைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னான்.

"இன்னாடி முழிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

ஒன்றுமில்லை என்றேன். யாரிடம் சொல்வது? ஊர் வாயை அடைத்தவள் நான். பாத்திரம் தேய்க்கும்போது அந்த இரண்டையும் மாற்றி மாற்றி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அவன் குரலில்தான் கேட்டது. "யார செத்துப் போன்னு திட்டிகினு கீற?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

ஒன்றை மட்டும் முடிவு செய்தேன். அவளுக்கு இது தெரியக்கூடாது. அப்பன் கேட்டதைச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பில்தான் நிற்கிறாள். அதைத் தட்டிவிட்டால் எங்கே போய் விழுவாள்?

ஆனால் கூட்டிப்போக வேண்டிய இடமோ அந்த இடம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், நடக்காததை எல்லாம் நடத்திப் பார்த்துவிடுவேன். ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி வைத்தால் டிரைவர் வயசானவராக இருப்பார், பேச்சுக் கொடுப்பார், எங்கம்மா போறீங்க என்பார், மியூசியம் என்றால் ஓ, செத்த காலேஜா என்பார். ஆட்டோ அதைவிட மோசம். பஸ்ஸில் கண்டக்டர் இருக்கிறார். யோசித்து யோசித்து மெட்ரோ என்று முடிவு செய்தேன். மெட்ரோவில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். ஊர்ப் பெயர் சொல்கிற குரல்கூட மெஷின்தான். எழும்பூரில் இறங்கி நடந்துவிடலாம். முட்டி வலித்தாலும் பரவாயில்லை. உள்ளே எழுதிப்போட்டிருக்கிற போர்டில் அந்தப் பெயர் இருக்காது.

முந்தின நாளே தனியாகப் போய் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன். அம்பத்தூரிலிருந்து திருமங்கலத்துக்கு பஸ், அங்கே மெட்ரோ, ஆலந்தூரில் மாறி ஏர்போர்ட். சேலைக்காரம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். ஆலந்தூரில் எந்தப் படி எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். எழும்பூரிலிருந்து மியூசியம் கேட்வரை நடந்தும் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

உள்ளே போகாததற்கு வேறு காரணம். அந்தத் திமிங்கலத்தைப் பார்த்தால் எனக்குப் பயம். ஒரு காணும் பொங்கல் கூட்டத்தில் அண்ணன் கையை விட்டுவிட்டேன். எங்கு பார்த்தாலும் தெரியாத வேட்டிகள், தெரியாத பாவாடைகள். தலைக்கு மேலே அந்த எலும்பு. கத்திக்கொண்டு நின்றேன். அவன் வந்து தலையில் ஒன்று வைத்தான். "ஏன் கத்துற? காணாம பூட்டா திமிங்கலத்துக்கு கீய போய் நில்லு. எங்கியும் நவுராத. நான் வருவேன்ல." அடுத்த வருஷத்திலிருந்து உள்ளே நுழையும் முன்பே அதைச் சொல்லிவிடுவான். அதை எங்கே போனாலும் சொன்னான். மாங்காடு கோயிலில் தேர், பூந்தமல்லி சந்தையில் புளியமரம். எது பெரிசாக இருக்கிறதோ அதைக் காட்டி, அதான் திமிங்கலம், காணாம பூட்டா அங்க நில்லு என்பான். நாக்பூரில் பொருட்காட்சிக்குப் போனால் ராட்டினத்தைக் காட்டி மகளிடமும் அதையேதான் சொல்வானாம். சுற்றியிருந்தவர்களுக்கு இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாது.

அவள் வந்தாள். ஏர்போர்ட்டில் வெளியே வருகிற வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவு திறக்க, சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்டு, தலைமுடியை வெட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். நடை அவன் நடை. இடது தோளைச் சற்று இறக்கிப்போட்ட நடை.

"இன்னா அத்தே, இப்படி எளச்சுட்ட? முட்டி இன்னா சொல்லுது?"

"இருக்குதும்மா. டாக்ஸி வேணாம், ரயில்லயே போயிடலாம். சுருக்கப் போயிடும்."

"நீ எப்படி சொல்றியோ அப்படி. நீதான் இன்னிக்கு எனக்கு கைடு."

டிக்கெட்டு எடுத்து, பெட்டியை மெஷினில் விட்டு எடுத்து, மேலே ஏறினோம். நகரும் படிக்கட்டில் கால் வைக்க நான் எப்போதும் தயங்குவேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். "பயந்துகாத. நான் கீறேன்ல." ஒத்திகை பார்த்த வழியே போனோம். மீனம்பாக்கம், நங்கநல்லூர், ஆலந்தூர். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. அவள் மட்டும்தான் பேசினாள். வெளியே தெரிகிற மொட்டை மாடிகளைப் பார்த்து, "இதுக்குள்ள எதுனா ஊட்ல நைனா இருந்துருப்பாரா?" என்றாள். இந்தப் பக்கம் இல்லை, நம்ம ஊடு அந்தப் பக்கம் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலும் ஊடு என்று வந்தது. அவள் சிரித்தாள். எதிரே மடியில் லேப்டாப் பையோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து இவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தது.

கோயம்பேடு தாண்டி ரயில் பூமிக்குள் இறங்கியதும் ஜன்னல் கறுத்துவிட்டது. கறுத்த கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து அவள் கண் மறைந்திருந்தது. கண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற மூக்கும் வாயும் அவனுடையது. அவனே பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத்தே," என்றாள் அவள். "அந்த காலேஜ்ல போன் பண்ணி சொன்னாங்க. பசங்க நல்லா படிக்கிறாங்களாம். உங்கப்பாவுக்கு நாங்க கடமைப்பட்டுகீறோம்னு சொன்னாங்க. எனக்கு அழுவ வந்துடுச்சு. நைனா எவ்ளோ யோசிச்சு கீறாரு பாரு. எட்டாங் கிளாஸ் படிச்ச ஆளு."

ம் என்றேன். இன்னும் ஒரு பகல், ஒரே ஒரு பகல் யாரும் வாயைத் திறக்காமல் இருக்கட்டும் என்று இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

எழும்பூரில் மேலே வந்தோம். வெயில். ரோட்டோரப் பிளாட்பாரத்தில் எதற்கோ தோண்டி, கல்லை அரைகுறையாகப் போட்டு வைத்திருந்தார்கள். முந்தின நாள் நான் பெட்டி இல்லாமல் நடந்தவள், அதை யோசிக்கவே இல்லை. கொஞ்ச தூரத்திலேயே பெட்டிச் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள். சக்கரம் கழன்று சாக்கடையில் உருண்டது.

"அட சே. உன் முட்டிய வச்சுகினு இத்த தூக்கிகினு எங்க நடக்கிறது?"

"கிட்டதாம்மா. நான் தூக்கறேன் குடு."

"நீ சும்மா இரு அத்தே." ரோட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஆட்டோ வந்து நின்றது. நான் நினைத்துப் பயந்த ஆளேதான். நரைத்த தாடி, சட்டையில் மேல் பட்டன் இல்லை.

"அண்ணாத்தே, மியூசியம் வரியா? கிட்டக்கதான் கீது, பொட்டி ஒடஞ்சு பூச்சு."

அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாம்மா, நம்ம ஆளா நீ? செத்த காலேஜுக்கா? குந்து குந்து. இத்தினியூண்டு தூரத்துக்கு இன்னா கேக்கப்போறேன்."

பெட்டியைத் தூக்கிய அவள் கை அப்படியே நின்றது.

"எங்கன்ன?"

"செத்த காலேஜும்மா. மியூசியத்த எங்கப்பன் அப்படித்தான் சொல்லுவான். நீ பேசினதும் எனக்கு அதான் வாயில வந்துச்சு. இப்ப யாரு சொல்றா அப்படி?"

இத்தனை வழி யோசித்தேன். டாக்ஸி வேண்டாம், பஸ் வேண்டாம் என்று வந்தேன். கடைசியில் அவன் பேச்சுதான், அவள் வாயிலிருந்து போய் அந்த வார்த்தையைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது.

வண்டியில் ஏறினோம். அவள் முன்பக்கம் சாய்ந்து, "இன்னொரு தபா சொல்லு அண்ணாத்தே" என்றாள். அவர் குஷியாகி, சத்தமாகச் சொன்னார். உயிர் காலேஜ் கதையையும் சேர்த்துச் சொன்னார். அவள் உதடு மட்டும் அசைந்தது. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நான் சொல்லிப் பார்த்த மாதிரியே, ஒரு தடவை துணைக்காலோடு, ஒரு தடவை கால் இல்லாமல். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கேட்டில் இறங்கினோம். உள்ளே மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது.

"நீ போய் பாத்துட்டு வாம்மா. எனக்கு முட்டி விண்விண்ணுங்குது. பெட்டிய நான் பாத்துக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு, இடது தோளை இறக்கிப்போட்டுக்கொண்டு சிவப்புக் கட்டடத்துப் பக்கம் போனாள். சக்கரம் கழன்ற பெட்டி என் காலில் சாய்ந்துகொண்டே இருந்தது. நிமிர்த்தினால் மறுபடி சாயும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். டீச்சர் ஒருவர், கையை விடாதீங்க, கையை விடாதீங்க என்று கத்திக்கொண்டே போனார்.

போன் அடித்தது. பார்த்தேன். அண்ணன்.

எடுக்க வேண்டும் என்று தெரிகிறது. விரல் வரவில்லை. அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து, செத்த காலேஜுக்குள்ளிருந்து, அந்தப் பெயர் என்னைக் கூப்பிடுகிறது. நின்றுவிடப்போகிற சமயத்தில் எடுத்தேன்.

"எங்க கீற?"

அத்தே என்று சேர்க்கவில்லை. வெறுமனே கேட்டாள். ஒரு நொடி எனக்கு யார் என்று தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"வெளியிலதான். மரத்தடியில."

உள்ளே பிள்ளைகள் இரைச்சல் போனிலும் கேட்டது, கட்டடத்திலிருந்தும் கேட்டது.

"நைனா சொன்னது இதத்தானா?"

தெரியாதும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்கப்பா மனசுல என்ன நினைச்சாரோ என்று சொல்லலாம் என்றுகூட தயார் பண்ணி வைத்திருந்தேன். ஆனால் போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தப் பெயரை ஒரு தடவை பார்த்துவிட்டேன். அந்தப் பெயருக்கு நான் பொய் சொன்னதில்லை.

"ஆமாம்" என்றேன். "சின்ன வயசுல அப்பாவ அப்படித்தான் கேப்பான். காணும் பொங்கலுக்கு."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நீ உள்ள வா. நான் திமிங்கலத்துக்கு கீயதான் நிக்கிறேன். எங்கியும் நவுரல."

பெட்டியைக் கேட்டில் இருந்த காவலரிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். முட்டி வலித்ததா என்று ஞாபகமில்லை. பாடம் பண்ணிய பறவைகள், கண்ணாடிப் பெட்டிகள், எதையும் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் எலும்பு நான் நினைத்து வைத்திருந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கீழே அவள் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்த போன்.

"அவுரு இங்க வந்து நிக்கணும்னு கேட்டாரு" என்றாள். "காணாம பூட்டாரு அத்தே. அதான் கேட்டாரு. நான் கொண்டுபோய் டேபிள் மேல படுக்க வச்சுட்டேன்."

நான் எதையாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் படிக்கிறார்கள், நல்ல காரியம்தான், அவன் இருந்தாலும் வேண்டாம் என்றிருக்க மாட்டான். ஊரில் நான் வீடுவீடாகச் சொன்னதெல்லாம் தொண்டைவரை வந்தது. எல்லாம் உண்மைதான். ஒன்றுகூட அந்த எலும்புக்குக் கீழே நின்று சொல்லக்கூடியதாக இல்லை.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்" என்றேன். அது ஒன்றுதான் வந்தது.

"நீ இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல."

குற்றமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் குழந்தை திமிங்கலத்தைப் பார்க்காமல், எங்களையே பார்த்துக்கொண்டு போனது. காவலர் வந்து, அம்மா ஓரமா நில்லுங்க, வழியை மறைக்கிறீங்க என்றார். ஓரமாக நின்றோம். கிளம்பத் தோன்றவில்லை. இரண்டு பேருமே யாரோ வரவேண்டும் என்கிற மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

திரும்பும்போது டாக்ஸியிலேயே போனோம். இனி எந்த வார்த்தைக்குப் பயப்படுவது? டிரைவர் சின்ன வயசுக்காரர், வழி பூராவும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏர்போர்ட் வாசலில் டிக்கெட் இல்லாதவர்கள் அதற்கு மேல் போகக்கூடாது. கோயம்புத்தூரிலிருந்து திரும்பும்போது வீட்டுக்கு வருகிறேன் என்றாள். ஊர்க்காரர்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம். நமக்குள்ள இருக்கட்டும்."

சக்கரம் இல்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். போகிறவரைக்கும் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி திரும்பும்போது வந்தாள், ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனாள். காலேஜைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போதும் போன் வருகிறது. பெயரை மாத்தித் தொலையேன், ஒவ்வொரு தபாவும் வெளிறிப்போற என்று வீட்டுக்காரர் திட்டுகிறார். நான் மாற்றவில்லை. அடித்ததும் எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் அடிக்கவிட்டு, அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுக்கிறேன்.

"எங்க கீற?" என்று கேட்கிறது.

எங்கே இருக்கிறேனோ அந்த இடத்தைச் சரியாகச் சொல்கிறேன்.